தொட்டியை நகர்த்தினோம், தங்கை சம்மதித்தாள்

பழைய படகு வாங்குவதும் பழைய வீடு வாங்குவதும் ஏறக்குறைய ஒன்றுதான். முந்தைய உரிமையாளர் செய்து வைத்ததெல்லாம் ஒவ்வொன்றாகப் பிறகுதான் வெளியே வரும்.

என் தங்கை கணவர் 21 அடி நீள ஃபைபர் படகு ஒன்றை வாங்கினார். வாரக் கடைசியில் கோல சிலாங்கூர்ப் பக்கம் தூண்டில் போட வேண்டும், பிள்ளைகளையும் அழைத்துப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. முதல் பயணத்திலேயே பின்பக்க வடிகால் துளைகள் வழியாகத் தண்ணீர் தளத்துக்குள் ஏறியது. வேகமாகக் கிளப்பினால் முன்பகுதி தூக்கிக்கொண்டு எதிரே வருவது தெரியவில்லை. ஒரு மழை நாளில் பின்னாலிருந்து வந்த அலை இயந்திரத்தைத் தாண்டி உள்ளே விழுந்தது. "பிள்ளைகளை இதில் ஏற்ற மாட்டேன்" என்று தங்கை தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். அவள் சொன்னது நியாயம்தான்.

காரணம் எளிது. அந்தப் படகு இரண்டு ஸ்ட்ரோக் இயந்திரக் காலத்தில் கட்டப்பட்டது. முந்தைய உரிமையாளர் அதைக் கழற்றிவிட்டு, ஏறக்குறைய 40 கிலோ கூடுதலான நான்கு ஸ்ட்ரோக் இயந்திரத்தை மாட்டியிருந்தார். நூறு லிட்டர் பெட்ரோல் தொட்டியும் பேட்டரியும் அதே பின்மூலையில்தான் இருந்தன. பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 740 கிராம். தொட்டியையும் சேர்த்தால் 85 கிலோவுக்குப் பக்கம் வரும்.

"மச்சான், தொட்டியை அணியத்துக்கே கொண்டு போய்விடலாமா?" என்று என்னைக் கேட்டார். அணியம் என்றால் படகின் முன்முனை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பட்டறை அண்ணன்தான் தடுத்தார்.

"தம்பி, வெட்டுறதுக்கு முன்னால தண்ணிய வச்சுப் பாத்துருவோம்."

தொட்டியைக் காலி செய்து, தண்ணீர் நிரப்பிய 20 லிட்டர் கேன்கள் நான்கைப் பின்னால் வைத்தார். படகின் ஓரத்தில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்தார். பிறகு அதே கேன்களை ஒன்றரை மீட்டர் முன்னே, நடு இருக்கையின் கீழ் வைத்துவிட்டு மீண்டும் குறித்தார். பின்பகுதி ஒரு விரல் அகலம் உயர்ந்திருந்தது. பேட்டரியையும் முன்னே நகர்த்தியதும் இன்னும் கொஞ்சம் உயர்ந்து, வடிகால் துளைகள் நீருக்கு மேலே வந்தன. செலவு ஒரு காசும் இல்லை.

எடையைத் தூரத்தால் பெருக்கிப் பார்த்தால் இது விளங்கும். 85 கிலோவை ஒன்றரை மீட்டர் நகர்த்துவது, 64 கிலோ எடையுள்ள ஒருவர் பின்னாலிருந்து 2 மீட்டர் முன்னே வந்து உட்காருவதற்குச் சமம்.

அப்படியானால் அணியம் ஏன் கூடாது? முன்பகுதி கனமானால் பின்னாலிருந்து அலை தள்ளும்போது மூக்கு நீரில் குத்தும், படகு திடீரெனப் பக்கவாட்டில் திரும்பும். எண்ணெய் தீரத் தீரப் படகின் சாய்வும் மாறிக்கொண்டே இருக்கும். தொட்டி எடை மையத்துக்கு அருகே இருந்தால், போகும்போதும் வரும்போதும் படகு ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். கான்கார்ட் விமானம்கூட ஒலியின் வேகத்தைத் தாண்டும்போது, சமநிலைக்காக எரிபொருளைப் பின் தொட்டிக்குப் பம்ப் செய்தது.

தொட்டியை நகர்த்துவது பாதி வேலைதான். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடியில் போய்த் தங்கும், ஒரு தீப்பொறி போதும். அதனால் அண்ணன் பழைய ரப்பர் குழாய்களை ஒட்டுப்போடாமல், படகுக்கென்று தயாரிக்கப்பட்ட எரிபொருள் குழாய்களைப் புதிதாகப் போட்டார். ஆவி வெளியேறும் குழாயின் வாயைப் படகுக்கு வெளியே வைத்தார். தொட்டி அசையாதபடி அடியில் தாங்கு கொடுத்துப் பட்டையால் இறுக்கினார். இருக்கைக்கு அடியில் காற்றோட்டத்துக்கு வழி செய்தார். பேட்டரியைத் தொட்டியிலிருந்து விலக்கித் தனிப் பெட்டியில் வைத்தார். முழுதாக எண்ணெய் நிரப்பி, எல்லா இணைப்புகளிலும் கசிவு இருக்கிறதா என்று பார்த்த பிறகே இயந்திரத்தைக் கிளப்ப விட்டார்.

உங்களிடமும் இப்படி ஒரு படகு இருந்தால், முதலில் பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி ஆகியவற்றை நகர்த்திப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும். தொட்டியில் கை வைப்பதாக இருந்தால் அனுபவம் உள்ளவரிடம் கொடுங்கள். தொழில் உரிமம் உள்ள படகென்றால், வேலையைத் தொடங்கும் முன்பே மீன்வளத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.

போன மாதம் தங்கையும் படகில் ஏறினாள். உட்காரும் முன் அவள் முதலில் பார்த்தது பின்பக்கத் துளைகளைத்தான். தளம் காய்ந்திருந்தது. பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கியை அவளே மாட்டிவிட்டு, "சரி, கிளம்புங்க" என்றாள்.