குரலை விற்போர்

சென்னை நகரத்து மாடி வீடொன்றில், இரவு பதினொரு மணிக்கு மேல், ஒருவர் மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி அலமாரியைத் திறந்து அதன் முன்னே மைக்கை வைத்து, வியர்வை வழியச் சோப்பு விளம்பரமொன்றை ஏழாவது தடவையாகப் படிக்கிறார். அலமாரித் துணிகள் எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும் என்பதற்காக இவ்வேற்பாடு. பகலில் படிக்கலாமென்றால் தண்ணீர் மோட்டாரும் குக்கர் விசிலும் விடா. 1938ல் சென்னை வானொலி நிலையம் திறக்கப்பட்ட காலத்திலே, குரலால் ஜீவிப்பவர் நிலையத்தை நாடிச் செல்லவேண்டியிருந்தது. இன்றோ நிலையமே வீடு தேடி வந்துவிட்டது. 2020ம் வருஷத்துத் தொற்றுநோயின்போது ஒலிப்பதிவுக் கூடங்கள் மூடப்படவே இவ்வழக்கம் பெரிதும் பரவிற்று. இதனைச் சௌகரியம் என்கிறார்கள். யாருக்குச் சௌகரியம் என்பதே நமது கேள்வி.

முன்னே கூடத்துக்கு வாடகை கொடுத்தவர் முதலாளி. இப்போது அறையும் மைக்கும் மின்சாரமும், இரைச்சல் நீக்கித் திருத்தும் வேலையும் தொழிலாளியின் தலையில் விழுந்தன. அதையேனும் பொறுக்கலாம். கூடத்து வாயிலில் நாலு பேர் சந்தித்து, "உனக்கு என்ன கொடுத்தார்கள், எதில் கையெழுத்து வாங்கினார்கள்?" என்று விசாரித்துக்கொள்ளும் சந்தர்ப்பம் போயிற்றே, அதுவே பெருநஷ்டம். தனித்திருப்பவர் முன் நீட்டப்படும் பத்திரத்தில், 'எவ்வகை ஊடகத்திலும், உலகெங்கும், எக்காலத்தும்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். அவ்வரியைக் காட்டி அவருடைய குரலை இயந்திரத்துக்குக் கற்பித்துவிட்டால், பின்னர் அவரின்றியே, கூலியுமின்றியே, அவர் குரல் பேசிக்கொண்டிருக்கும்.

சட்டம் முற்றிலும் கைவிட்டதென்று சொல்வதற்கில்லை. 1957ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், நிகழ்த்துவோர் யாவர் என்று கூறுமிடத்து, நடிகரோடும் பாடகரோடும் பாம்பாட்டியையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது! குரல் கொடுப்போரின் பெயர் அங்கு இல்லாவிடினும், 'நிகழ்த்தும் பிறர்' என்ற சொற்களில் அவர் அடங்குவர். பதிவுக் கூடத்தில் செய்வதும் நிகழ்ச்சியே என்று 2006ல் டில்லி ஹைக்கோர்ட்டு சொல்லியிருக்கிறது. 2012ம் வருஷத்துத் திருத்தம் இன்னும் முக்கியமானது. பத்திரம் எழுதிய நாளில் வியாபார வழக்கில் இல்லாத ஓர் உபயோகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லாதவரை, அப்பத்திரம் செல்லாது. கால அளவு குறிக்கப்படாவிடில் ஐந்து வருஷமே கணக்கு. குரலை நகலெடுக்கும் இயந்திரம் வருமுன் கையெழுத்திட்டவர்கள் இதனை நன்கு மனத்திற் கொள்க. ஆனால் இச்சட்டம் காப்பது பதிவான நிகழ்ச்சியையே. குரலையே தனியுடைமையாகக் காக்கும் பிரிவு அதில் இல்லை.

அக்குறையைக் கோர்ட்டுகள் புகழ்பெற்றோருக்கு நிவர்த்தி செய்து வருகின்றன. 2023ல் நடிகர் அனில் கபூருக்கு டில்லியிலும், 2024ல் பாடகர் அரிஜித் சிங்குக்குப் பம்பாயிலும் ஹைக்கோர்ட்டுகள் தடையுத்தரவு வழங்கின. நியாயமான உத்தரவுகளே. ஆயினும் அவை கீர்த்தியின் மேல் நிற்பவை. லக்ஷம் பேர் குரலை அறிந்தும் ஒருவரும் பெயரை அறியாத நமது மாடிவீட்டுக்காரர் எந்தக் கீர்த்தியைக் காட்டி மனுச்செய்வார்?

அமெரிக்காவிலோ கீர்த்தியற்றவர்களும் கேட்டுப் பெற்றார்கள். 2023ல் அந்நாட்டு நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து, நகலுக்குச் சம்மதமும் கூலியும் வேண்டும் என்ற ஷரத்தை வாங்கிற்று. வீடியோ விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்போர் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை இதற்காகவே போராடினர். அவர்களிலும் வீட்டறையிலிருந்து வேலை செய்வோர் உண்டு. சங்கமொன்று இருந்தபடியால் அவர்கள் தனியரல்லர்.

ஆகையால் நமது கோரிக்கை இரண்டு. குரலை நகலெடுக்கும் சம்மதம் தனிப் பத்திரத்தில், காரியமும் காலமும் கூலியும் குறித்து எழுதப்பட்டாலன்றிச் செல்லாதென்று பார்லிமெண்டு விதிக்கவேண்டும். அதுவரை காத்திராமல், தொழிற்சங்க நண்பர்கள் இவ்வீட்டறைகளின் கதவைத் தட்டி, உள்ளிருப்போரை அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளவேண்டும். இரவு பதினொரு மணிக்கு மேல் மட்டும் தட்டவேண்டாம், பதிவு கெட்டுவிடும்.