பறவைக்குச் சாட்சி யார்?

பனிக்காலம் பிறந்துவிட்டால் முத்தையாபுரத்தைச் சுற்றியுள்ள உப்பளங்களில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. பத்திரிகைகள் படம் போடுகின்றன. "வெளிநாட்டு விருந்தாளிகள் வருகை" என்று கொட்டை எழுத்தில் தலைப்பும் தருகின்றன. பூநாரையோ குசராத்தின் கட்ச் உவர்ச்சேற்றில் ஆயிரக்கணக்கில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இனம். அதை வெளிநாட்டானாக்கியது தலைப்புப் போடுகிறவரின் கைங்கரியம்! அது கிடக்கட்டும். வந்தவை எத்தனை, எந்த நாளில், எந்த அளத்தில், அவற்றோடு கூட வந்த அரிய பறவை ஏதேனும் உண்டா, உண்டென்றால் அதைக் கண்டவர் யார், அவர் சொல்லைச் சோதித்தவர் யார்? அந்தப் படத்தின் கீழே இவற்றுக்குப் பதில் இராது. அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

"கூலி உயர்வுக்குப் போராடுகிற தோழனிடம் குருவிக் கணக்கா கேட்பது?" என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். முழுவதும் படித்துவிட்டுச் சுளிக்கட்டும்.

உப்பளத்தில் வரப்பின்மீது நடந்து போகிற தொழிலாளி ஒருவர், பூநாரைக் கூட்டத்தின் நடுவே குள்ளமாக ஒன்று நிற்பதைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெரும் பூநாரை நம் கரைக்கு வழக்கமாக வருவது. சிறு பூநாரை வருவது அருமை. கண்டது சிறு பூநாரைதான் என்று எழுதிவிடலாமா? முடியாது. பெரும் பூநாரையின் இளம்பறவையும் முதிர்ந்தவற்றைவிடக் குள்ளமாக, சாம்பலும் பழுப்புமாகத்தான் நிற்கும். அதன் உடலில் சிவப்பு ஏறச் சில ஆண்டுகள் ஆகும். எனவே உயரத்தை வைத்தும் முடிவு கட்ட முடியாது, நிறத்தை வைத்தும் முடியாது. அலகைப் பார்க்கவேண்டும். பெரும் பூநாரைக்கு அலகு இளஞ்சிவப்பு, நுனி மட்டும் கறுப்பு. அதன் இளம்பறவைக்கு அலகு சாம்பல் நிறம், அங்கும் நுனிதான் கறுப்பு. சிறு பூநாரைக்கோ அலகு முழுவதுமே கருஞ்சிவப்பாக இருண்டு தெரியும்.

"பார்த்தேன்" என்று மட்டும் சொன்னால் அது செய்தியாகும், பதிவாகாது. "காலை ஏழு மணி, வெயில் என் முதுகுப்புறம், நூறு அடி தூரம், அலகு அடிமுதல் நுனிவரை இருண்டிருந்தது, என்னோடு இருவர் இருந்தனர்" என்று சொன்னால் பதிவு தொடங்குகிறது. கேட்கிறவர் அதையும் அப்படியே விழுங்கிவிடமாட்டார். "கூட்டத்தில் மற்றவற்றின் அலகு எப்படி இருந்தது? படம் உண்டா? மறுநாளும் நின்றதா?" என்று குடைவார். குடையட்டும்! குடைந்த பின்னும் நிற்கிற சொல்லுக்குத்தான் வலு உண்டு.

இப்படிச் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மிடையே எப்போதும் இருந்திருக்கிறார்கள். மதுரைத் தெருவில் குளிரில் நடுங்கிக் கிடந்த சத்திமுத்தப் புலவர், தலைக்குமேல் பறந்துபோன நாரையிடம் தம் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்பிய பாட்டைத் தமிழர் அறிவர். அந்த வறுமையிலும் அவர் கண் தவறு செய்யவில்லை. கால் சிவப்பு, அலகு பவள நிறம், பனங்கிழங்கைப் பிளந்தாற்போன்ற வடிவு, இணையாகத் தெற்கே குமரிக்குப் போய் வடக்கே திரும்புகிற பறவை. இன்றைய பறவை நூலோர் கேட்கும் அடையாளங்களில் பெரும்பகுதி அதில் இருக்கிறது, நாள்தான் இல்லை! ஆனால் நாமோ இன்று கூந்தன்குளத்தில் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரையைக் கண்டாலும் "செங்கால் நாரை" என்று கைகாட்டுகிறோம். ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் வரும் வெண்ணாரை வேறு, இது வேறு. ஏழைப் புலவர் பார்த்துச் சொன்ன அலகைப் படித்தவர்கள் பார்ப்பதில்லை.

சாட்சியை ஏன் இப்படிக் குடையவேண்டும் என்பதற்கு ஒரு துரையின் கதை இருக்கிறது. கர்னல் ரிச்சர்ட் மைனர்ட்சாகன் என்று பெயர். பட்டாளத்தில் பதவி, பிரபுக்களோடு பழக்கம், பறவை நூல் எழுதியவர் என்ற புகழ். தாம் சேகரித்த பறவைத் தோல்கள் இருபதாயிரத்தை 1954-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வழங்கினார். 1967-இல் மறைந்தார். அவருடைய சொல்லைச் சந்தேகித்து முணுமுணுத்தவர்கள் அவர் உயிரோடிருந்தபோதே உண்டு. ஆனாலும் கர்னல் துரையின் வாக்கை யார் பகிரங்கமாக மறுப்பது? 1990-களில்தான் ஆலன் நாக்ஸ், பமீலா ராஸ்முசன், ராபர்ட் பிரிஸ்-ஜோன்ஸ் ஆகியோர் அந்தத் தோல்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தனர். பிறர் சேகரித்த தோல்களைத் திருடி, பழைய சீட்டைக் கழற்றி, தம் பெயரும் வேறு ஊரும் வேறு நாளும் எழுதிய புதுச் சீட்டைக் கட்டியிருந்தார் அந்தக் கனவான்!

இது வெறும் பொய்ப்பெருமை என்று விட்டுவிட முடியாது. காட்டுச் சிற்றாந்தை என்ற பறவை, 1884-க்குப் பிறகு உறுதியாகக் கிடைக்கவில்லை. மைனர்ட்சாகன், "1914-இல் பம்பாய்க்கு வடக்கே தபதிக் கரையில் நான் சுட்டேன்" என்று ஒரு தோலைக் காட்டியிருந்தார். அந்த இடத்தை நம்பித் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினர். ராஸ்முசன் அந்தத் தோலைச் சோதித்தார். உள்ளே பஞ்சு திணித்த முறை, ஜேம்ஸ் டேவிட்சன் என்ற வேறொரு அதிகாரியின் கைவேலை. அவர் 1880-களில் கான்தேசத்தில் சேகரித்த தோல் அது. சரி, பொய்யான பதிவைத் தள்ளிவிட்டு மெய்யான பழைய பதிவுகள் காட்டும் இடத்தில் தேடுவோம் என்று புறப்பட்டார்கள். 1997 நவம்பரில், மராட்டிய மாநிலம் ஷகாதா அருகே, பட்டப்பகலில் மரத்தில் உட்கார்ந்திருந்தது ஆந்தை. நூற்றுப் பதின்மூன்று ஆண்டுகளாகக் காணாமற்போன பறவை! அது எங்கும் போகவில்லை. ஒருவருடைய பொய், தேடுகிறவர்களை வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தது.

இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் வட்டாரத்திலும் இதே நாடகம் நடந்தது. அங்கே பறவை பாடம் செய்யும் கடைக்காரர் ஒருவரைச் சுற்றி 1892 முதல் 1930 வரை நம்பமுடியாத அளவுக்கு அரிய பறவைகள் குவிந்தன. தூரதேசத்துப் பறவைகள் கப்பலில் குளிரறையில் வைத்துக் கொண்டுவரப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. ஜான் நெல்டர் என்ற கணித வல்லுநர் எண்ணிக்கைகளை அலசினார். 1962-இல் அந்தப் பதிவுகள் கூட்டமாகத் தள்ளுபடியாயின. அதற்கு மூன்று ஆண்டு முன்புதான், 1959-இல், அரிய பறவைப் பதிவுகளைச் சீர்தூக்க அந்நாட்டில் ஒரு குழுவே ஏற்பட்டிருந்தது.

கப்பல் என்றதும் துறைமுகத் தோழர்களுக்கு இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. நம் ஊர்க் காக்கை இருக்கிறதே, அது சரக்குக் கப்பலில் தொற்றிக்கொண்டு கடல்கடந்து போவதில் கெட்டிக்காரப் பறவை. 1994-இல் ஹாலந்துத் துறைமுகப்பகுதி ஒன்றில் போய் இறங்கி, பிறகு அங்கே குஞ்சும் பொரித்தது. நாம் "சூ" என்று விரட்டுகிற காக்கை, அங்கே அரிய பறவை! ஆகவே வ.உ.சி. துறைமுகத்தில் பார்த்தறியாத பறவை ஒன்று வந்து உட்கார்ந்தால், சிறகால் வந்ததா, கப்பலால் வந்ததா என்ற கேள்வியும் சேர்ந்தே எழும். அதற்கு விடை சொல்லக்கூடியவர் அன்றைக்குக் கப்பலில் சரக்கு இறக்கியவரே. எந்தக் கப்பல், எங்கிருந்து வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.

இந்தியாவிலும் இந்தச் சோதனை வேலை நடக்கிறது. "இந்தியன் பேர்ட்ஸ்" இதழில் 2013-இல் பிரவீண், ராஜா ஜெயபால், ஆஷீஷ் பிட்டி மூவரும் இந்தியாவில் கண்டதாகச் சொல்லப்பட்ட அரிய கடற்பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எதை ஏற்பது, எதற்குச் சான்று போதாது என்று எழுதினர். 2016-இல் நாட்டுக்கே ஒரு பறவைப் பட்டியல் தந்தனர். 2002-இல் அமெரிக்காவின் கார்னெல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் தொடங்கிய "இ-பேர்ட்" கணினி ஏட்டில் இன்று நம் மாவட்டத்தாரும் எழுதுகிறார்கள். வழக்கத்துக்கு மாறான பறவையை ஒருவர் பதிந்தால், சம்பளமில்லாத் தொண்டர் ஒருவர் விவரம் கேட்டு எழுதுகிறார். அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் மற்ற அமைப்புகளுடன் சேர்ந்து 2011 முதல் பொங்கலையொட்டித் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுத்து வருகிறது. நல்ல வேலை. பாராட்டுகிறோம்.

ஆனால் கேட்கிறோம்: இந்த ஏடுகளில் உப்பளத் தொழிலாளியின் சாட்சி எங்கே? வள்ளக்காரரின் சாட்சி எங்கே? வான்தீவுக்கும் காரியாச்சல்லிக்கும் பக்கத்தில் விடியுமுன் வலை இறக்குகிறவருக்குத் தெரியாத ஆலாவா? தேக்கப்பாத்தியில் எந்தப் பறவை இரை தேடும், உப்பு விளையும் பாத்தியில் ஏன் தேடாது என்று அறிந்தவர் அவரல்லவா?

கடப்பைக் காட்டில் நடந்ததைப் பாருங்கள். ஜெர்டான் என்ற ஆங்கிலேயர் 1848-இல் எழுதிவைத்த ஒரு நிலப்பறவை, 1900-க்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. அற்றுப்போயிற்று என்றே நினைத்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஊரூராகப் படம் காட்டித் தேடியது. அவ்வூர் மக்களிடம் அதற்குப் பெயரே இருந்தது: கலிவிக்கோடி. 1986 சனவரியில் பறவை பிடிக்கிற ஒருவர் அதை உயிரோடு பிடித்துக் கொடுத்தார். விஞ்ஞானிகள் கையில் வைத்துப் பார்த்து உறுதி செய்தார்கள். அந்த உறுதியான பதிவின் வலுவில் அங்கே சரணாலயம் அமைந்தது. சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரும் தெலுங்கு கங்கைக் கால்வாயே தன் பாதையை மாற்றிக்கொண்டது. கண்டவர் சொன்னதும் கற்றவர் சோதித்ததும் சேர்ந்தபோது கால்வாய் வளைந்தது.

முகம் சுளித்த நண்பருக்கு இங்கேதான் நம் பதில். உப்பளத்தைத் தூர்த்து வேறொன்று எழுப்ப நாளை ஒரு திட்டம் வரலாம். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பெருந்திட்டங்கள் பலவற்றுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தவேண்டும். அங்கே எழுந்து "இங்கே பறவை வரும் ஐயா" என்றால், மேடையிலிருப்பவர் தலையாட்டுவார், அறிக்கையில் ஏறாது. "பத்து ஆண்டுகளாக இன்னின்ன நாளில், இன்னின்ன அளத்தில், இத்தனை பறவை, இவற்றில் அரியவை இவை, சோதித்து ஏற்கப்பட்டவை" என்று தாளை நீட்டினால் அந்த நிலத்தை வெறும் தரிசு என்று எழுத அவர் கை கூசும். தரிசென்று எழுதப்பட்ட நிலத்திலிருந்து பறவை மட்டுமா வெளியேறும்? பாத்தியில் உப்பு வாருகிறவரும் சேர்ந்தே வெளியேறவேண்டும்.

அந்தத் தாளில் பொய்ப்பதிவு ஒன்றே ஒன்று இருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டு மீதி அத்தனையையும் கிழித்தெறிவார். ஆதலால் நம் தோழர்களுக்கும் சொல்லிவைக்கிறோம்: ஆர்வத்தால் கூட்டிச் சொல்லவேண்டாம். ஐம்பதை ஐந்நூறாக்க வேண்டாம். "உங்கள் பதிவு ஏற்கப்படவில்லை" என்று சீர்தூக்குவோர் எழுதினால், உம்மைப் பொய்யர் என்று சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சான்று போதவில்லை என்பதே அதன் பொருள். அதே மூச்சில் சீர்தூக்குவோருக்கும் சொல்கிறோம்: காரணத்தைத் தமிழில், இரண்டு வரியில், கண்டவருக்கே எழுதுங்கள். விலையுயர்ந்த காமிரா உள்ளவருக்கு ஒரு அளவுகோல், வரப்பில் நிற்பவருக்கு ஒரு அளவுகோல் கூடாது. கர்னல் துரையைக் குடையாமல் விட்டதன் பலனை உலகம் பார்த்தாயிற்று.

எழுதி வைப்பதிலும் அலட்சியம் கூடாது. காங்கிரசைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஆலன் ஹியூம், இந்தியப் பறவைகளைப் பற்றி ஆண்டுக்கணக்கில் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் படிகளைச் சிம்லாவில் வேலைக்காரர் ஒருவர் எடைக்குப் போட்டுவிட்டார். மனமுடைந்த ஹியூம் 1885-இல் தம் சேகரிப்பையும் பிரிட்டிஷ் மியூசியத்துக்கே தந்துவிட்டார். நம் கதை அதைவிட மோசம். மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் கடலுக்குள் போய்விட்டன. பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு ஒரு பெருங்காரணம். அந்த மணலில் எந்தப் பறவை இறங்கிற்று என்பதற்கு முன்னே எழுதிவைத்தது எவ்வளவோ அவ்வளவுதான் இனி மிச்சம். போய்ப் பார்த்து எழுத நிலமே இல்லை.

வடகிழக்குப் பருவமழை மூன்று மாதம் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்நாட்களுக்கு மாநில அரசு உப்பளத் தொழிலாளருக்கு ஐயாயிரம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது; வரவேற்கிறோம். வடக்கிலிருந்து உள்ளான்கள் வந்து சேர்ந்திருப்பதும் அதே மாதங்களில்தான். வனத்துறை எடுக்கும் நீர்ப்பறவைக் கணக்கில் உப்பளத்தாரையும் மீனவரையும் நாட்கூலி கொடுத்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தொண்டு என்று சொல்லி இலவசமாக அழைக்கக் கூடாது. தொலைநோக்கி வனத்துறையுடையதாக இருக்கட்டும். கண்ணும் காலும் அவர்களுடையவை.

அரசு செய்யட்டும் என்று நாமும் காத்திருக்க வேண்டியதில்லை. முத்தையாபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் உள்ள நம் படிப்பகங்களில் ஆளுக்கொரு ரூபாய் போட்டு ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கி வையுங்கள். நாள், நேரம், அளத்தின் பெயர், எண்ணிக்கை, கால் நிறம், அலகு நிறம், என்ன செய்துகொண்டிருந்தது, கூட இருந்தவர் யார் என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். கைபேசியில் எடுத்த படம் புள்ளியாகத் தெரிந்தாலும் அழிக்காதீர்கள். செத்த பறவையின் காலில் எண் பொறித்த வளையம் இருந்தால் அந்த எண்ணை அப்படியே குறித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதுங்கள். படத்துக்காகக் கல்லெறிந்து கூட்டத்தைக் கலைப்பவரைத் தடுத்து நிறுத்துங்கள். முட்டையிட்ட இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லாதீர்கள். பெயர் தெரியாத பறவை என்றால் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டு, மற்றக் கட்டங்களை நிரப்புங்கள்.