மூக்கை அளந்த இடத்தில் மாட்டிய படங்கள்

1885இல் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் மண்டை, மூக்கு என்று அளவெடுத்து, படம் பிடித்து, 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். அதிலுள்ள படங்களில் நிற்கும் பலருக்கும் பெயர் கிடையாது. சாதிப் பெயர் மட்டுந்தான்.

அதே அருங்காட்சியகத்தில் 2023இல் 'ரீஃப்ரேம்டு' என்ற ஒளிப்படக் கண்காட்சி நடந்தது. வடசென்னையின் இளையோர் தங்கள் பகுதியைத் தாங்களே எடுத்த படங்கள். பயிற்சி கொடுத்தவர் எம்.பழனிக்குமார். மதுரையில் மீன் விற்ற ஒரு தாயின் மகன். 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழி மரணங்களை விடாமல் பதிவு செய்துவருபவர்.

இப்படிப்பட்ட முயற்சிகளைப் பாராட்டும்போது 'ஏழைப் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்தார்கள்' என்ற தொனி வந்துவிடுகிறது. இது தானம் அல்ல, உரிமை. சாதி நிலத்தையும் நீரையும் மட்டும் பறித்து வைத்திருக்கவில்லை. யார் பார்ப்பது, யார் பார்க்கப்படுவது என்பதையும் அதுவே தீர்மானித்துவந்தது. ஆய்வுலகமும் விலக்கல்ல. ஒடுக்கப்பட்டவர் அங்கே இன்றும் பெரும்பாலும் 'தகவலாளி', எழுதுபவர் வேறொருவர்.

தெருவில் வசிப்பவர் எடுக்கும் படத்தில் வேறென்ன இருக்கும் என்று கேட்கலாம். வெளியிலிருந்து வருபவருக்கு எண்ணூர் என்றால் புகைபோக்கியும் சாம்பலும். அங்கேயே இருப்பவருக்கு அந்தச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கலந்தபின் யாருடைய வலை காலியாகத் திரும்புகிறது என்பதும் தெரியும். கண்காட்சி நடந்த அதே 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அதே மாத இறுதியில் அமோனியாவும் கசிந்தது. ஆபத்து நடந்தபின் மட்டும் வருகிற கேமராவால் அதற்கு முந்தைய ஆண்டுகளைக் காட்ட முடியாது.

உடன்குடிக்காரர்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. நம் ஊரிலும் 1,320 மெகாவாட் அனல்மின் நிலையம் எழுந்திருக்கிறது. பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். இந்த வட்டாரத்தை இதுவரை எடுத்த படங்கள் எவை? தசராவில் காளி வேடம், பனையேறியின் முதுகு, கருப்பட்டி வட்டு. அழகான படங்கள்தான். ஆனால் பனையேறியின் பெயரோ, பதநீர் காய்ச்சும் பெண்ணின் கூலியோ, ஊருக்குள் சேரியும் குடிதெருவும் பிரியும் இடமோ அவற்றில் இல்லை.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. அரசுப் பள்ளிகளிலும் ஆதிதிராவிடர் நலத்துறை விடுதிகளிலும் ஒளிப்படப் பயிற்சி வேண்டும். கேமரா பள்ளியின் பொறுப்பில் இருக்கட்டும், படத்தின் உரிமை மாணவருடையதாக இருக்கட்டும். சென்னையில் மாட்டிய படங்கள் எடுக்கப்பட்ட தெருவிலும் மாட்டப்பட வேண்டும். சேரியின் படத்தைக் குடிதெரு மண்டபத்தில் மாட்டக் கேட்டால் என்ன பதில் வருகிறதென்று பார்ப்போம். அதுவும் பதிவு செய்ய வேண்டியதே.

அனல்மின் நிலையத்தின் சாம்பல் இந்தத் தேரிக்காட்டில் படியுமுன் ஊரின் இன்றைய நிறத்தை எடுத்து வைக்க வேண்டும். நாளை இழப்பீடு கேட்டு நிற்கும்போது 'முன்பு எப்படி இருந்தது?' என்றுதான் அதிகாரி முதலில் கேட்பார்.