கேள்வி புரிஞ்சுது, பதிலும் தெரியும்

போன வருஷம் வெளியூர்ல ஒரு கான்ஃபரன்ஸ்ல பேப்பர் பிரசன்ட் பண்ணப் போயிருந்தேன். தென்னை நார் கலந்த காம்போசிட் பத்தின பேப்பர். எட்டு நிமிஷப் பேச்சை ஒரு வரி விடாம மனப்பாடம் பண்ணி, ஹாஸ்டல் மொட்டை மாடியில நின்னு இருபது தடவை சொல்லிப் பார்த்திருந்தேன். பேச்சு நல்லாவே போச்சு. கடைசியில செஷனை நடத்தின பேராசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: நாரை ஊறவைக்க ஏன் 5 சதவீத காஸ்டிக் சோடா கரைசல்?

மக்கா, அதுக்குப் பதில் எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். குறைச்சுப் போட்டா நார் மேல இருக்கிற மெழுகும் அழுக்கும் சரியாப் போகாது, ரெசின் நல்லா ஒட்டாது. கூட்டிப் போட்டா நாரே அரிச்சு வலு குறைஞ்சிரும். லேப்ல நாள்கணக்கா இருந்து பார்த்த விஷயம்லா! ஆனா என் வாயில வந்தது, "யெஸ் சார், தேங்க்யூ சார்." அவரும் சிரிச்சிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பி வர்ற பஸ்ல நாகர்கோவில் வரைக்கும் இதே யோசனைதான். என்னைக் கவுத்தது இங்கிலீஷ்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கென்னவோ மனப்பாடம்தான்னு தோணுது. ஒப்பிக்கிறவனுக்கு அடுத்த வரிதான் தெரியும். நடுவுல யாராவது குறுக்கே வந்தா வழி தெரியாது.

2019 செப்டம்பர் 7 அதிகாலையை யூடியூப்ல தேடிப் பாருங்க. சந்திரயான்-2 திட்டத்தோட விக்ரம் லேண்டர் நிலாவுல இறங்கற நேரத்துல சிக்னல் நின்னு போச்சு. அங்கேயே பிரதமர் இருக்கார், நாடே டிவி முன்னால இருக்கு. அப்ப இஸ்ரோ தலைவர் கே.சிவன், நம்ம சாரக்கல்விளைக்காரர், தமிழ் மீடியத்துல படிச்சவர். மைக்ல அவர் சொன்னது மொத்தம் மூணு விஷயம்: 2.1 கிலோமீட்டர் உயரம் வரைக்கும் எல்லாம் திட்டப்படி நடந்தது, அதுக்கப்புறம் தொடர்பு போச்சு, தரவுகளை ஆராய்ஞ்சிட்டிருக்கோம். குட்டிக் குட்டி வாக்கியங்கள், நம்ம ஊர் உச்சரிப்பு. கேட்ட யாருக்கும் புரியாமப் போகல.

2008-ல இயற்பியல் நோபல் வாங்கின ஜப்பான்காரர் மஸ்காவா, நோபல் உரையையே ஜப்பானிய மொழியிலதான் பேசினார். நோபல் கிடைச்சா நாமளும் அப்படிப் பேசலாம். அதுவரைக்கும் இங்கிலீஷ்லதான் பேசியாகணும், வேற வழியில்ல.

அதனால நான் இப்ப செய்றது இதுதான். முதல்ல ரூம்மேட்கிட்ட முழுசையும் தமிழ்ல விளக்கிச் சொல்றேன். எங்க திக்குறேனோ அங்க எனக்கு விஷயமே சரியாப் புரியலன்னு அர்த்தம். அப்புறம் அவன் தமிழ்ல கேள்வி கேப்பான், நான் இங்கிலீஷ்ல மூணு சின்ன வாக்கியத்துல பதில் சொல்லணும். கேள்வி புரியலன்னா 'ப்ளீஸ் ரிப்பீட்'னு கேக்கவும் பழகிட்டேன். அதுல என்ன வெக்கம்? எதிர்ல உக்காந்திருக்கிறவரும் பெரும்பாலும் தெலுங்கோ மலையாளமோ வீட்ல பேசிட்டு வந்தவர்தான்.

இதுல நம்ம மேலயும் தப்பு இருக்கு. ஒருத்தன் தப்பா உச்சரிச்சா கடைசி பெஞ்ச்ல இருந்து சிரிக்கிறோம். நல்லாப் பேசினா 'பீட்டர் விடுறான்டே'ன்னு அதுக்கும் சிரிக்கிறோம். அப்புறம் எவன் வாயைத் திறப்பான்?

நம்ம மாக் பிரசன்டேஷன்ல பத்து நிமிஷத்துல எட்டு நிமிஷம் பேச்சு, ரெண்டு நிமிஷம் கேள்வி. அதை அப்படியே பாதிப் பாதியா மாத்தச் சொல்லி திங்கக்கிழமை ஹெச்.ஓ.டி. ரூமுக்குப் போறேன். தனியாப் போக கொஞ்சம் பயமாத்தான் இருக்கு, கூட வர்றீங்களா?