விஷவாயு யாரையும் தாக்குவதில்லை

‘கிணற்றில் இறங்கிய தொழிலாளி விஷவாயு தாக்கி பலி.’ இந்த மாதிரித் தலைப்பைத் தேனிப் பக்கம் அடிக்கடி படிக்கிறேன். தாக்கியது வாயு, செத்தது தொழிலாளி. இறங்கச் சொன்னவர் அந்த வாக்கியத்திலேயே கிடையாது. வாயு என்ன, ஒளிந்திருந்து பாய்ந்ததா? அளக்காமல் ஆளை இறக்கினார்கள், அவ்வளவுதான்.

பொழுதுபோக்குக்காகக் கடலில் மூழ்குகிறவர்களைப் பாருங்கள். நைட்ராக்ஸ் சிலிண்டரில் 32 சதவீதம் ஆக்சிஜன் என்று கடைக்காரர் சொன்னால் போதாது. மூழ்கப்போகிறவரே அனலைசரில் அளந்து, எவ்வளவு ஆழம் போகலாம் என்று சிலிண்டர்மேல் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 32 என்றால் சுமார் 33 மீட்டர்தான். அதற்கும் கீழே போனால் உயிர் காக்கிற ஆக்சிஜனே வலிப்பை வரவழைக்கலாம். சுவாசிக்கிறவர்தான் சோதிக்க வேண்டும் என்பது அங்கே பாலபாடம்.

சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் தூர் வாரப் போகிறவருக்கு? கயிற்றில் கட்டி இறக்கிய ஒரு விளக்கு. அணையலைன்னா, “எறங்குப்பா, ஒண்ணும் ஆகாது.”

விளக்கு இறக்கச் சொன்ன பெரியவர்கள் முட்டாள்கள் இல்லை. நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம், அது 16 பக்கம் இறங்கினால் சுடர் அணைந்துவிடும். அடியில் தேங்கும் கரியமில வாயுவை அது ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஆனால் கிணற்றுக்குள் ஆயில் இன்ஜினை இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு நிறையும். ஆளைக் கொல்கிற அளவு இருந்தாலும் சுடர் அசையாமல் எரியும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே ஆள் சுருண்டு விழுவார், விளக்கு விழாது. அழுகின முட்டை நாற்றம் வருமே என்பீர்கள். அளவு கூடினால் முதலில் மரத்துப்போவது மூக்குதான். செப்டிக் டேங்கில் மீத்தேன் இருந்தால் விளக்கே வெடிக்கு நெருப்பு வைக்கும்.

அப்புறம், ‘காப்பாற்றப் போனவரும் பலி.’ இதுமாதிரி அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று 1986லேயே அமெரிக்காவின் நியாஷ் நிறுவனம் எழுதிவிட்டது.

சாக்கடைக்கும் செப்டிக் டேங்குக்குமாவது 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. தோட்டத்துக் கிணறு அந்தச் சட்டத்துக்குள் வராது.

நான்கு வாயுக்களைக் காட்டும் மீட்டர் உள்ளங்கை அகலம்தான். நல்ல செல்போன் விலைக்குள் கிடைக்கிறது. ஊராட்சிக்கு ஒன்று வாங்கி வைக்கட்டும். கயிற்றில் கட்டி மேலே, நடுவே, அடியில் என்று அளக்கட்டும். எண்ணை முதலில் பார்க்க வேண்டியவர் இறங்குகிறவர். பார்த்துவிட்டு “மாட்டேன்” என்றால், அன்றைய கூலியையும் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும்.