நின்று கண்ட நாடகம்

மாணவப் பருவத்தில், 2002ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையை இலண்டனிற் கழித்தோம். பிரித்தானிய நூதனசாலையில் நுழைவுக் கட்டணமில்லை. பகலெல்லாம் அங்கே சுற்றினோம். ஒருநாள் மாலை, தேம்ஸ் நதிக்கரையில் 1997இல் மீள எழுப்பப்பெற்ற ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கிற்குச் சென்றோம். முற்றத்தில் நின்று பார்க்க 5 பவுண். மேலே கூரையில்லை, குடை பிடிக்கவும் அனுமதியில்லை. மழை தூறிற்று.

‘பன்னிரண்டாம் இரவு’ நாடகம். பொய்க் கடிதத்தை நம்பி மல்வோலியோ ஏமாறும் காட்சி வந்தது. பரீட்சைக்காக நாம் வரிவரியாக மனனஞ் செய்த பகுதி! அருகில் நின்ற மூதாட்டி வயிறு குலுங்கச் சிரித்தார். அது சிரிப்பதற்குரியதென்பது அன்றுதான் எமக்கு விளங்கிற்று. அப்பகுதிக்கு நாம் பெற்ற புள்ளிகளோ குறைந்தவையல்ல!

இன்று எமது வகுப்பில் மாணவர் முதலில் எழுந்து நடிப்பர், உரை பின்னரே.