கையேடு யார் கையில்?

ஒரு நகராட்சியின் தூய்மைப் பணியாளர்களைச் சந்திக்கப் போயிருந்தோம். விஷவாயுவைக் கண்டறியும் கருவி வாங்கிவிட்டதாக அதிகாரி பெருமையோடு எடுத்துக் காட்டினார். பிரிக்காத உறைக்குள் அதன் கையேடு. முழுக்க ஆங்கிலம். தொழிலாளர்களுக்குப் படித்துக் காட்டினீர்களா என்று கேட்டோம். "அவங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? சொன்னாலும் புரியாது" என்றார்.

புரியாத அளவுக்கு அதில் என்ன வேதாந்தமா இருக்கிறது? ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் கருவி அலறும். பத்து லட்சம் பங்கு காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு 10 பங்கைத் தொட்டாலும் அலறும். முதலில் திறந்த வெளியில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பிறகு மேன்ஹோலின் மேலே, நடுவே, அடியில் என மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். இவ்வளவுதான்.

அன்று இதைத் தமிழில் சொன்னதும் ஒரு பெரியவர் கேட்டார்: "நாத்தம் அடங்கிட்டா கேஸ் போயிடுச்சுன்னுதானே இறங்குறோம்?" அங்கேதான் சாவு இருக்கிறது. இந்த வாயு அதிகமாகும்போது மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் போகும், வாயு போகாது. இந்த ஒற்றை உண்மையை அவரிடம் இத்தனை ஆண்டுகள் யாருமே சொல்லவில்லை. புரியாதவர் யார், அவரா, அதிகாரியா?

எழுத்தை மறுத்துவிட்டு வேலையை மட்டும் திணித்த சாதிக்கு, ஆங்கிலக் கையேடு வசதியாகப் போய்விட்டது. நாளை ஒருவர் இறந்தால் "கருவி கொடுத்திருந்தோமே, அவர்தான் பயன்படுத்தவில்லை" என்பார்கள். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கருவி கொடுப்பதோடு, பாதுகாப்பு நடைமுறைகள் பின்பற்றப்படுவதை உறுதி செய்வதும் வேலை கொடுப்பவரின் கடமை. உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்று நிர்ணயித்த இழப்பீட்டை 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்துவிட்டது. கையேட்டின் உறை மட்டும் இன்னும் பிரியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். பாதுகாப்பாக இறக்குவதற்காக நாம் கையேடு கேட்கவில்லை. எந்த மனிதரும் குழிக்குள் இறங்கக் கூடாது என்பதே நம் கோரிக்கை. இயந்திரம் இறங்கட்டும். ஆனால் அதுவரை, மிரட்டி இறக்கப் பார்க்கும் காண்ட்ராக்டர் முன்னால் "முடியாது" என்று சொல்ல நம் தோழர்களுக்கு ஓர் ஆதாரம் வேண்டும். அலறும் கருவியும் அதைப் படிக்கத் தெரிந்த கண்களுமே அந்த ஆதாரம்.

மாணவத் தோழர்களே, கருத்தரங்கில் தொழில்நுட்பமும் சாதியும் பற்றிக் கட்டுரை வாசியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் உங்கள் ஊர் நகராட்சிக்குப் போய் அந்தக் கையேட்டைக் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். ஒரு பக்கத் தமிழில் எழுதுங்கள். எழுத்து தெரியாதவர்களுக்குக் கருவியைக் கையில் கொடுத்து வாயால் சொல்லுங்கள். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத பக்கம் அதுதான்.